விளக்கா, விற்றமினா, கொழும்பு ரிக்கற்றா? இருண்ட மாதங்களில் காசை எதில் போடுவது

வெள்ளவத்தையில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதனால் நவம்பர் பிறந்ததும் ஒரே கேள்வி பல வீடுகளுக்கும் வந்து சேர்கிறது. ஸ்காபுரோவில் இருக்கும் தங்கச்சி, ஒஸ்லோவில் இருக்கும் மச்சான், லண்டனுக்குப் படிக்கப் போன பெறாமகன், யாராவது ஒருவர் போனில் சொல்வார்: "ஒண்டும் செய்ய மனம் வருகுதில்லை, எந்த நேரமும் நித்திரையாத்தான் கிடக்கு." அடுத்து வருவது பெரும்பாலும் இதுதான்: "பேசாமல் ஒரு மாசம் கொழும்புக்கு வந்திட்டுப் போகட்டோ?"

நாமும் உடனே "வா, வா" என்று சொல்லிவிடுகிறோம். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த ரிக்கற் காசுக்கு வேறு என்ன செய்யலாம், எது உண்மையில் வேலை செய்கிறது, எது வெறும் மனத்திருப்தி என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னால் அவர்களுக்கும் உதவி. என் கணக்கில் முதலிடம் ரிக்கற்றுக்கு இல்லை, குளிசைக்கும் இல்லை. எழும்பி ஒரு மணி நேரத்துக்குள் கண்ணில் படுகிற வெளிச்சத்துக்குத்தான். மற்றவற்றை எல்லாம் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அங்கே என்னதான் நடக்கிறது

கொழும்பில் இருந்துகொண்டு இதை விளங்கிக்கொள்வது லேசில்லை. நாம் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறோம். ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் இங்கே உள்ள வித்தியாசம் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ரொறன்ரோவில் டிசம்பர் 21 அன்று பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. லண்டனில் எட்டுக்கும் குறைவு. ஒஸ்லோவில் ஆறு மணி நேரம்கூட இல்லை; அங்கே அன்று சூரியன் எழும்பக் காலை ஒன்பது தாண்டிவிடும், பின்னேரம் மூன்றேகாலுக்குள் மறைந்துவிடும். எட்டு மணிக்கு வேலைக்குப் போய் நாலு மணிக்கு வெளியே வருகிறவருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை சூரியனே கிடையாது.

1984 இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நோர்மன் ரோசன்தால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்தக் குளிர்காலச் சோர்வைத் தனியொரு வகை மனச்சோர்வாக விவரித்து எழுதினார்கள். ரோசன்தால் வெயில் காய்கிற தென்னாபிரிக்காவிலிருந்து நியூயோர்க்குக்குப் போனவர். குளிர்காலம் வந்தால் தன்னுடைய உற்சாகமே இறங்குகிறது என்று கவனித்த பிறகுதான் அவருக்கு இந்த விடயத்தில் அக்கறை பிறந்தது. நம்முடைய ஆட்களின் கதையும் அதேதான், வெளிக்கிட்ட ஊர் மட்டும் வேறு.

வழக்கமான மனச்சோர்வில் நித்திரை குறையும், சாப்பாடு இறங்காது. இந்தப் பருவகாலச் சோர்வில் பலருக்கும் தலைகீழாக இருக்கும். நித்திரை கூடும், காலையில் எழும்ப உடம்பு கேட்காது. பாண், சோறு, இனிப்பு என்று மாச்சத்தாகவே வாய் தேடும், உடம்பும் வைக்கும். வட்ஸ்அப் வீடியோவில் பார்க்கிற அம்மாவோ "கன்னம் வைச்சு நல்ல வடிவா இருக்கிறாய்" என்கிறார். சாப்பிடுகிறான், நித்திரை கொள்கிறான், பிறகென்ன குறை என்று இங்கே எல்லோருக்கும் நிம்மதி. இங்கிருந்து நாம் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு வருடமும் ஒருவர் இப்படி மாறுகிறார், சித்திரை வைகாசியில் தானாகவே பழைய ஆளாகிறார் என்றால் அவரைச் சோம்பேறி என்று சொல்லுவதை நிறுத்திவிட்டு மேலே படியுங்கள்.

எல்லோருக்கும் இது நோயாக இருக்கும் என்றும் இல்லை. கொஞ்சம் அலுப்பு, கொஞ்சம் எரிச்சல், ஆனால் வேலைவெட்டி நடக்கிறது என்ற நிலையில்தான் பலரும் இருப்பார்கள். கீழே உள்ளவற்றில் முதல் மூன்று அவர்களுக்கே போதும்.

மலிவானது: விற்றமின் டி

அலுப்பு என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், "விற்றமின் டி எடுக்கிறியோ?" என்று கேட்பதற்குக் கனடாவிலும் ஆள் உண்டு, கொட்டாஞ்சேனையிலும் ஆள் உண்டு. மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கிறது, சூரியனோடு தொடர்பு இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தத் தொடர்பில்தான் குழப்பமே.

சூரியன் நம் உடம்பில் இரண்டு வேலைகளை இரண்டு வழியால் செய்கிறது. புற ஊதாக் கதிர் தோலில் பட்டால் விற்றமின் டி உண்டாகிறது. வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளையில் இருக்கிற உடல் கடிகாரம் சரியாகிறது. விழித்திரையில் உருவங்களைப் பார்ப்பதற்கென்றில்லாமல், வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று அளப்பதற்கென்றே சில கலங்கள் இருக்கின்றன. காலையில் பலமான வெளிச்சம் அவற்றில் பட்டால்தான் "விடிந்துவிட்டது, நித்திரையை வரவழைக்கிற மெலற்றோனினை நிறுத்து" என்ற செய்தி மூளைக்குப் போகும். குளிர்காலத்தில் அந்தச் செய்தி பிந்திப் போகிறது, அல்லது மெலிந்து போகிறது. கடிகாரம் எட்டரை மணி காட்டும்போது உடம்புக்கு இன்னும் நடுச்சாமம்.

யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வெயில் காய்ந்தால் தோலுக்கு வேண்டிய கதிர் உள்ளே வராது, கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் வரும். குளிசை இதற்கு நேர் எதிர். தோல் செய்கிற வேலையை அது ஈடு செய்யும், கண்ணுக்கு எதையும் சொல்லாது.

அதனால் விற்றமின் டி வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் நடுக் குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே போவதால் வெளியே நின்றாலும் தோலில் போதிய விற்றமின் உண்டாகாது. நம்முடைய நிறத்துக்கு இன்னும் குறைவு. பிரிட்டனின் சுகாதாரத் துறை இலையுதிர், குளிர் காலங்களில் எல்லோரும் நாளுக்கு 10 மைக்கிரோகிராம், அதாவது 400 அலகு, எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. தென்னாசியர் போன்ற கருநிறத் தோல்காரர் வருடம் முழுவதும். நோர்வேக்காரர் காலங்காலமாகக் குளிர்காலத்தில் ஒரு கரண்டி கொட் மீனெண்ணெய் குடிக்கிறார்கள். இதெல்லாம் எலும்புக்கும் தசைக்கும் நல்லது.

மனதுக்கு? 2020 இல் அமெரிக்காவில் 18,353 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்று வெளியானது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், நாளுக்கு 2000 அலகு, ஐந்து வருடத்துக்கு மேல். விற்றமின் எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் மனச்சோர்வில் வித்தியாசம் தெரியவில்லை. எடுக்கட்டும், ஆனால் இதை எடுத்தோமே என்று மற்றதை விட்டுவிடக் கூடாது. டொக்டர் சொல்லாமல் நாளுக்கு 4000 அலகைத் தாண்டவும் கூடாது.

இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் விற்றமினோடு இரும்புச்சத்தையும் தைரோயிட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களாக இருந்தால் கட்டாயம். இவை குறைந்தாலும் இதே அலுப்புத்தான் வரும், அதற்கு எந்த விளக்கும் பலிக்காது.

என் தெரிவு: காலை விளக்கு

மேசையில் வைக்கிற, வெள்ளை வெளிச்சம் தருகிற ஒரு பெட்டி. ரொறன்ரோவில் பெரும்பாலும் நூறு, இருநூறு டொலருக்குள் நல்லதாக ஒன்று வாங்கலாம். மலிவான இன்னொரு மேசை விளக்கு என்று நினைக்கக் கூடாது. வீட்டு வரவேற்பறையில் இரவில் இருக்கிற வெளிச்சம் நூறு, இருநூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு). அலுவலகத்தில் முந்நூறு முதல் ஐந்நூறு வரை. இந்தப் பெட்டி தர வேண்டியது 10,000 லக்ஸ்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பெட்டியின் முகப்பில் போட்டிருக்கிற 10,000 என்ற இலக்கத்தை மட்டுமல்ல, எத்தனை அங்குலத்தில் அந்த 10,000 கிடைக்கிறது என்பதை. அதைச் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். கையடக்கமான அழகான விளக்குகள் சில ஆறு அங்குலத்தில்தான் அவ்வளவைத் தரும். மூக்கை அதில் ஒட்டிக்கொண்டு யாரும் அரை மணி நேரம் இருக்க மாட்டார்கள். பதினாறு முதல் இருபத்துநான்கு அங்குலத் தூரத்தில் அந்த அளவு வர வேண்டும். அப்படி என்றால் பெட்டி கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், மேசையில் இடத்தை அடைக்கும். பரவாயில்லை. புற ஊதாக் கதிரை வடிகட்டியதா என்றும் பாருங்கள். நீல வெளிச்சம்தான் விசேஷம் என்று விற்கிறவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை, வெள்ளையே போதும்.

பாவிக்கிற முறை இலகு. எழும்பி ஒரு மணி நேரத்துக்குள், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் இருக்க வேண்டும். விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. தேத்தண்ணி குடிக்கலாம், பாண் சாப்பிடலாம். கண் திறந்திருந்தால் சரி. ஒன்றிரண்டு கிழமைக்குள் வித்தியாசம் தெரியத் தொடங்கும். பின்னேரம் போட்டால் இரவு நித்திரை குழம்பும். இடையில் விட்டால் சில நாட்களில் பழைய நிலை திரும்பும். அதனால் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரை இது தினசரி வேலை.

பலரும் தோற்பது இந்தத் "தினசரி"யில்தான். டிசம்பரில் வாங்கி, ஒரு கிழமை பாவித்து, பெப்ரவரியில் அதன் மேல் உடுப்புக் காய்கிறது. இதற்குக் கொழும்பிலிருந்தே ஓர் உதவி செய்யலாம். குளிர்கால நேரப்படி ரொறன்ரோவில் காலை ஏழு மணி என்றால் இங்கே பின்னேரம் ஐந்தரை. வீட்டில் அம்மா பின்னேரத் தேத்தண்ணியோடு இருக்கிற நேரம். அந்த நேரத்தில் தினமும் ஓர் அழைப்பு, விளக்குக்கு முன்னால் இருந்து கதைக்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். அரை மணி நேரம் போவதே தெரியாது. நம் வீடுகளில் அரை மணிக்குள் போனை வைப்பதுதான் கஷ்டம். லண்டன்காரருக்கு இது அவ்வளவு தோதில்லை. அங்கே ஏழு மணி என்றால் இங்கே பன்னிரண்டரை, சோறு இறக்குகிற நேரம்.

ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2006 இல் வெளியான கனடிய ஆய்வில் பருவகால மனச்சோர்வு உள்ள 96 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு 10,000 லக்ஸ் விளக்கும் வெற்றுக் குளிசையும். மற்றவர்களுக்கு மங்கல் விளக்கும் ஃபுளுவொக்செற்றின் என்ற மனச்சோர்வு மருந்தும். எட்டுக் கிழமையில் இரு பக்கத்திலும் நூற்றுக்கு 67 பேருக்குக் குணம் தெரிந்தது. விளக்குக்காரருக்குக் கொஞ்சம் முந்தித் தெரிந்தது.

காசு போட யோசிக்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 2017 இல் ரொறன்ரோ பொதுநூலகம் இந்த விளக்குகளை இரண்டு கிளைகளில் வாசகர்களுக்காக வைத்தது. அவற்றில் ஒன்று மல்வேர்ன் கிளை, நம்முடைய ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற பகுதி. வாங்க முதல் பக்கத்து நூலகத்தில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

யாருக்கு இது ஆகாது? நீரிழிவால் விழித்திரை பழுதுபட்டவர்கள் கண் டொக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. நம் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு எது, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இருமுனைக் கோளாறு (சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வருகிற நோய்) உள்ளவர்களுக்குப் பலமான வெளிச்சம் மனதை மறுபக்கத்துக்கு எகிற வைத்துவிடக்கூடும். லிதியம் போன்ற சில மருந்துகள் எடுப்பவர்களும் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொரு கூட்டம் இரவு வேலைக்காரர். களஞ்சியம், முதியோர் இல்லம், பெற்றோல் நிலையம் என்று விடிய விடிய நின்றுவிட்டுக் காலை எட்டு மணிக்கு வந்து படுப்பவர். "காலையில் விளக்கு" என்று வாசித்துவிட்டு அவர் படுக்கப் போகும் முன் அதைப் போட்டால் காரியம் கெட்டுவிடும். அவருடைய காலை என்பது பின்னேரம் எழும்புகிற நேரம், விளக்கும் அப்போதுதான். கோட்டையிலும் தெமட்டகொடையிலும் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்துவிட்டு, தடித்த திரை போட்டுப் பகலெல்லாம் படுக்கிற நம்முடைய ஐடி பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்சினைதான். ஒரு வித்தியாசம், அவர்களுக்குப் பெட்டி தேவையில்லை. எழும்பியதும் மொட்டைமாடிக்கு ஏறினால் போதும், பின்னேர வெயில் இந்தப் பெட்டியைப் போலப் பல மடங்கு.

விடிவது போலப் படிப்படியாக ஒளி கூட்டும் எலாம் கடிகாரங்களும் விற்கிறார்கள். எழும்புவதற்கு உதவும். ஆனால் பெட்டிக்குப் பதிலாக அதை வாங்காதீர்கள், பெட்டிக்குப் பிறகு வேண்டுமென்றால் பார்க்கலாம்.

சதம் செலவில்லாதது: வெளியே நடப்பது

மப்பும் மந்தாரமுமான குளிர்கால நாளில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். பனி கொட்டிக் கிடந்தால் அது பிரதிபலிப்பதால் இன்னும் கூட. நம் கண் உடனே பழகிக்கொள்வதால் "இருட்டாத்தானே கிடக்கு" என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். 1996 இல் சுவிற்சர்லாந்தின் பாசலில் செய்த ஆய்வொன்றில், ஒரு கிழமைக்குத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் வெளியே நடந்தவர்களுக்கு, குறைந்த வெளிச்சமுள்ள விளக்குக்கு முன் இருந்தவர்களைவிட நல்ல பலன் கிடைத்தது. நடப்பதன் பலன் வேறு சேர்கிறது.

ஆனால் மைனஸ் பதினைந்தில், ஏழரை மணி இருட்டில், பிள்ளைகளைப் பாடசாலைக்கு வெளிக்கிடுத்திக்கொண்டு நிற்கிற ஒருவரிடம் போய் "நட" என்று சொல்லுவது நம் வாய்க்குச் சுலபம். வேலையிடத்தில் மதிய இடைவேளையில் இருபது நிமிடம் வெளியே நிற்க முடிந்தால் அதையே பிடித்துக்கொள்ளட்டும். ஸ்காபுரோவில் நம்முடைய பெரியவர்கள் காலையில் ஷொப்பிங் மோலுக்குள் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். காலுக்கும் சீனி வருத்தத்துக்கும் அருமை, கதைக்கவும் ஆள் கிடைக்கும். வெளிச்சக் கணக்கில் மட்டும் அது வீட்டுக்குள் இருப்பதும் ஒன்றுதான். நடந்து முடித்துக் கண்ணாடிக் கூரைக்குக் கீழேயோ பெரிய யன்னல் பக்கமோ கோப்பி குடித்தால் கொஞ்சம் சேரும்.

கொழும்பு ரிக்கற்

இப்போது ஆசை வைத்திருக்கிற இடத்துக்கு வருவோம். டிசம்பர் விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து வந்துபோக ஒருவருக்கு இரண்டாயிரம் டொலரைத் தொடுவது சாதாரணம். நேரடி விமானமும் இல்லை. நாலு பேர் குடும்பம் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு குளிர்காலத்தின் சில கிழமைகளுக்கு அந்தக் காசு. விளக்கென்றால் பல வருடம் கிடக்கும்.

கொழும்பின் வெளிச்சம் வேலை செய்யாது என்று சொல்ல வரவில்லை. நன்றாகவே செய்யும். ஆறேகாலுக்குச் சூரியன் வருகிறது, ஏழு மணிக்கு மரைன் டிரைவில் கடல் பக்கம் நின்றால் பெட்டியே தேவையில்லாத அளவு வெளிச்சம். பிரச்சினை, வருகிறவர்கள் அதில் நிற்பதில்லை. ரொறன்ரோவுக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். முதல் கிழமை விடிய மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு கிடப்பார்கள் (மார்கழியில் வந்தால் திருவெம்பாவைக்கு ஆரும் எழுப்பத் தேவையில்லை), வெயில் ஏறுகிற நேரம் பார்த்துத் திரும்பப் படுத்துவிடுவார்கள். பதினொரு மணிக்கு எழும்பி ஏசி வாகனத்தில் ஏசி துணிக்கடை, அங்கிருந்து சித்தப்பா வீட்டுச் சாப்பாடு, பின்னேரம் ஏசி மண்டபத்தில் ஒரு கலியாணம். மூன்று கிழமை கொழும்பில் இருந்தும் வெயில் பட்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். வருவதென்றால் முதல் நாளிலிருந்தே காலை நடையைக் கட்டாயமாக்க வேண்டும். நேரமாற்றமும் அதனாலேயே கெதியாகச் சரியாகும்.

அடுத்தது, எந்த மாதம். எல்லோரும் டிசம்பர் நடுவில் வந்து ஜனவரி முதல் கிழமையில் திரும்புகிறார்கள். பலருக்கும் ஜனவரி, பெப்ரவரியில்தான் சோர்வு உச்சத்துக்குப் போகும். கிறிஸ்மஸ் வெளிச்சமெல்லாம் கழற்றி முடிந்த, கடனட்டை வந்து நிற்கிற, மைனஸ் இருபது மாதத்துக்குள் போய் இறங்குவார்கள். வெயிலில் கிடைத்த தெம்பு ஒன்றிரண்டு கிழமைக்கு மேல் நிற்காது. பாடசாலைப் பிள்ளைகள் இல்லாதவர்கள் தைப்பொங்கலை ஒட்டி வந்து பெப்ரவரி நடுவில் போகலாம். ரிக்கற்றும் அப்போது இறங்கியிருக்கும், கொழும்பிலும் மழை குறைந்த மாதங்கள் அவைதான். ஒக்ரோபர், நவம்பரில் மட்டும் வர வேண்டாம். பின்னேரமானால் இடியும் மழையும், காலி வீதியில் வாகனம் நகராது. இருண்ட வானத்துக்குப் பயந்து வந்தவருக்கு அது ஏமாற்றம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டும், ரிக்கற்றுக்கு ஒரு தனிப்பலன் உண்டு, அதை எந்த விளக்கும் தராது. சொந்தங்களுக்கு நடுவே இருப்பது. சிலருடைய சோர்வில் பாதி வெளிச்சத்தால் வருகிறது, மீதி தனிமையால். அந்த மீதிக்காக வருவதென்றால் தாராளமாக வரட்டும். ஆனால் வருகிறவரை விளக்கு வேண்டாம் என்று நவம்பர் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

டொக்டரும் கதைச்சிகிச்சையும்

நம்முடைய ஆட்கள் கடைசியாக எண்ணுவது இதை. சிலருக்கு இதுதான் முதலில் இருக்க வேண்டும்.

வெர்மொன்ற் பல்கலைக்கழகத்தில் கெலி ரோஹன் என்ற உளவியலாளர் 177 பேரை வைத்து விளக்கையும் எண்ண-நடத்தைச் சிகிச்சை என்ற கதைச்சிகிச்சையையும் ஒப்பிட்டார். ஆறு கிழமை முடிவில் இரண்டும் ஒரே அளவு பலன். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது கதை மாறியது. விளக்குப் பிரிவில் நூற்றுக்கு 46 பேருக்குச் சோர்வு திரும்பியிருந்தது, கதைச்சிகிச்சைப் பிரிவில் 27 பேருக்கு. விளக்கைப் பாவித்தால்தான் பலன். சிகிச்சையில் பழகியது தலைக்குள் தங்கிவிடுகிறது. "குளிர்காலம் வந்தால் நான் அவ்வளவுதான்" என்ற எண்ணத்தைப் பிடித்துக் கேள்வி கேட்பது, மனம் வராவிட்டாலும் வெளியே போகத் திட்டம் போட்டு வைப்பது, இவைதான் அதில் நடப்பவை. இரண்டாவதை ஆலோசகர் இல்லாமலே தொடங்கலாம். கனடாவில் ஜனவரி தமிழ் மரபுத் திங்கள், கிழமைக்கு ஒரு விழாவாவது இருக்கும். பார்வையாளராகப் போகாமல் கதிரை அடுக்குகிற வேலையையாவது ஒப்புக்கொண்டால் போகாமல் இருக்க முடியாது.

மருந்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு வருடமும் விழுந்துவிடுகிறவர்களுக்குச் சோர்வு தொடங்க முன்னரே இலையுதிர் காலத்தில் ஆரம்பிக்கிற புப்ரோப்பியோன் என்ற மருந்தை அமெரிக்காவில் 2006 இல் இதற்கென்றே அங்கீகரித்தார்கள். குடும்ப வைத்தியரோடு செப்ரெம்பரில் கதைக்க வேண்டிய விடயம் இது. இங்கிருந்து யாரோ ஒருவருடைய குளிசை மட்டையைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பாதீர்கள். சத்துமாவும் மிளகாய்த்தூளும் போதும். மனச்சோர்வுக்கு மூலிகை என்று கடைகளில் விற்கிற செயின்ற் ஜோன்ஸ் வோட்டும் அப்பாவிச் சாமான் இல்லை. மனச்சோர்வு மருந்துகள், இரத்தம் உறையாமல் எடுக்கிற மருந்து, கருத்தடை மாத்திரை என்று பலவற்றோடு மோதும்.

"நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது" என்ற மாதிரி ஒரு பேச்சு வந்தால் இந்த ஒப்பீடு ஒன்றும் தேவையில்லை. அன்றைக்கே உதவி எடுக்க வேண்டும். கனடாவில் 988, பிரிட்டனில் 116 123, இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926.

ஆளைப் பார்த்துத் தெரிவு

லண்டனில் படிக்கிற பெறாமகன் சின்ன அறையில் இருக்கிறான், கையில் காசில்லை. அவனுக்கு விற்றமின் குளிசையும், பத்து மணி விரிவுரைக்கு ஒரு பஸ் தரிப்பு முன்னால் இறங்கி நடப்பதும். பரீட்சைக்கு முன் விழுகிறான் என்று தெரிந்தால் இங்கே எல்லோரும் சேர்ந்து ஒரு விளக்கு வாங்கிக் கொடுக்கலாம். பிறந்தநாளுக்கு அனுப்புகிற காசிலேயே முடிந்துவிடும்.

இரண்டு வேலை செய்கிற தங்கச்சிக்கும் அவளுடைய கணவருக்கும் விளக்குத்தான், சந்தேகமில்லை. ஒன்று வாங்கிக் குசினி மேசையில் வைத்தால் இரண்டு பேருக்கும் போதும். அவர் இரவு வேலை என்றால் நேரத்தை மட்டும் பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது குளிர்காலமும் இதே கதை என்றால் டொக்டர்.

பெற்றோரைக் கூப்பிட்டு வைத்திருக்கிற வீடுகளில் மட்டும் நான் கட்சி மாறுகிறேன். மொழி தெரியாது, வாகனம் ஓட மாட்டார்கள், நவம்பர் முதல் ஏப்ரல் வரை பேரப்பிள்ளைகள் பாடசாலையால் வரும்வரை வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பார்கள். கண்ணில் கற்றரக்ற், உடம்பில் சீனி என்று விளக்குக்கும் டொக்டரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு ரிக்கற்தான் சரி. பாடசாலைக் கவலை இல்லை, ஜனவரி முதல் மார்ச் வரை வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ இருந்துவிட்டுப் போகலாம். காலையில் கோயிலுக்கு நடந்து போனால் வெளிச்சமும் ஆச்சு, நடையும் ஆச்சு, நாலு பேரோடு கதைத்த மாதிரியும் ஆச்சு. ஒன்ராறியோவில் இருப்பவர்கள் ஒரு விடயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். மாகாணத்தின் இலவச மருத்துவக் காப்புறுதி நிற்காமல் இருக்க, எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் அதில் 153 நாட்களாவது அங்கே இருந்திருக்க வேண்டும். மூன்று மாதம் வந்து போவதில் அது இடிக்காது. நல்லாயிருக்கிறதே என்று இங்கேயே தங்கிக்கொண்டு போனால்தான் இடிக்கும். வெளிக்கிட முன் மூன்று மாதத்துக்கான மருந்தும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.